பொட்டு நிக்குது

அம்மையப்பன் என்ன வேலை பார்க்கிறார் என்பது தேவகோட்டையில் அவருடைய மாமனார் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "துபாயில கூரை போடுறாக" என்று மனைவி கனகா சொல்லி வைத்திருந்தாள். அவர் துபாயிலும் இல்லை, கூரையும் போடவில்லை. முதல் ஒன்பது வருடம் ஷார்ஜா, அதற்குப் பிறகு ஓமானில் சோஹார். கான்கிரீட் கூரைக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி விட்டு வழவழவென்று ஒரு பொய்க் கூரையைத் தொங்கவிடுவதுதான் அவருடைய தொழில். ஒருமுறை லீவில் வந்தபோது இதை விளக்கப்போய், "பொய்க் கூரை போடவா இம்புட்டுத் தூரம் போனீக?" என்று மாமியார் கேட்டுவிட்டார். அன்றோடு விளக்குவதை நிறுத்திக்கொண்டார்.

வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றபடி சுத்தப் பயந்தாங்கொள்ளி. அதை அவர் மறைத்ததும் இல்லை. லிஃப்டில் தனியாகப் போகமாட்டார். கேம்ப் வாசலில் படுத்திருக்கும் பல்லில்லாத கிழட்டு நாய்க்குப் பயந்து கட்டடத்தையே சுற்றிக்கொண்டு ரூமுக்குப் போவார். சீருடை போட்ட யாரைக் கண்டாலும், அது ஹோட்டல் வாட்ச்மேனாகவே இருந்தாலும், கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் பத்தாக்கா இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். பத்தாக்கா என்றால் அங்கே தங்கி வேலை செய்வதற்கான அட்டை. ஒரு நாளும் அது பையில் இல்லாமல் இருந்ததில்லை. இருந்தாலும் தடவுவார்.

அப்படிப்பட்ட மனிதருடைய நெஞ்சில்தான் 2007 பிப்ரவரி மாதம் ஒரு மாலையில் துப்பாக்கிக்காரன் ஒருவன் சிவப்புப் பொட்டு வைத்தான்.

பொட்டின் கதையைச் சொல்ல வேண்டுமானால் மிஷினில் ஆரம்பிக்க வேண்டும். சீலிங் வேலைக்கு உயிரே மட்டம்தான். நூறடி ஹாலில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒரு விரல் வித்தியாசம் வந்தால் போதும், கீழே நிற்பவனுக்குக் கூரை தலையில் சரிகிற மாதிரி தெரியும். ஷார்ஜாவுக்கு வந்த புதிதில் ரப்பர் ட்யூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தார்கள், நூல் கட்டினார்கள். நூலை எத்தனை இழுத்துக் கட்டினாலும் நடுவில் கொஞ்சம் தொய்யும். அந்தத் தொய்வுக்கு மனக்கணக்குப் போட்டு ஏற்றிவிட வேண்டும். பிறகு லேசர் வந்தது. மூன்று கால் ஸ்டாண்டின்மேல் ஒரு மஞ்சள் பெட்டி. ஸ்விட்சைப் போட்டால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வெளிச்சம் கிளம்பிப் போகும். எதிரே எதில் பட்டாலும் அங்கே சிவப்பாக ஒரு பொட்டு விழும். தொய்வு என்கிற பேச்சே இல்லை. தமிழ் ஆட்கள் அதைப் பொட்டு என்றார்கள். கூட வேலை செய்த மலையாளிகளும் வங்காளிகளும்கூட நாளடைவில் பொட்டு என்றே சொல்லப் பழகினார்கள்.

மிஷினிடம் ஒருவர் நிற்பார். எதிர்ச் சுவரில் அளவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். பொட்டு கட்டையில் சரியான கோட்டில் விழுந்ததும் மிஷின்காரர் "பொட்டு நிக்குது!" என்று குரல் கொடுப்பார். குரல் கொடுத்துவிட்டால் கட்டைக்காரன் சிலையாகிவிட வேண்டும். மூக்கு அரித்தாலும் சொறியக்கூடாது. மிஷின்காரர் நடந்து வந்து, காதில் செருகிய பென்சிலை எடுத்து, சுவரில் கூட்டல் குறி போடும்வரை அப்படியே நிற்க வேண்டும்.

அம்மையப்பனுக்குக் கட்டை பிடிப்பவன் ஜெயசீலன். கனகாவின் தம்பி, முப்பத்து நான்கு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். விசா ஏற்பாடு செய்து கூட்டிவந்தவர் அம்மையப்பன்தான். புறப்படும்போது திருச்சி ஏர்போர்ட்டில் கனகா, "எந் தம்பிய நீங்கதான் பாத்துக்கணும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பத்துத் தடவை சொல்லியிருந்தால் மறந்திருப்பார். ஒரு தடவை சொன்னது உள்ளே தங்கிவிட்டது.

ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு சீலிங் போட்டார்கள். "பொட்டு நிக்குது" என்று அம்மையப்பன் சொன்ன பிறகு, ஜெயசீலன் வாசலில் ஏதோ சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான். கட்டை ஒரு விரல் இறங்கிவிட்டது. வேலை முடிந்ததும் கடைக்காரர் நெய்னா முகம்மது அண்ணாந்து பார்த்து, "என்ன வாப்பா, கப்பல் மாதிரி சாஞ்சில்ல கெடக்கு?" என்றார். மொத்தத்தையும் பிரித்து மறுபடி போட்டார்கள். அந்த அவமானத்தில் ஜெயசீலனுக்கு ஒன்று பழகிப்போனது. அந்த இரண்டு சொல் காதில் விழுந்தால் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வான். கேம்பில் அவன் சாப்பிடும்போது யாராவது வேண்டுமென்றே "பொட்டு நிக்குது" என்பார்கள். சோற்றுக் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிடும். எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான்.

சோஹாரில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் அப்போது நாலு மாடியில் ஓர் ஆபீஸ் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஜன்னல்களுக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸ், ஒரே தளமும் மேலே மொட்டைமாடியுமாக ஒரு கட்டடம். அன்று காலை சைட் எஞ்சினியர் சிவசங்கரன் எல்லோரையும் கூட்டிச் சொன்னார்: "எதிர்ல யாரோ பெரிய ஆளுங்க வர்றாங்க. செக்யூரிட்டி டைட்டா இருக்கும். மூணு மணிக்கு ஒருத்தர் இல்லாம எல்லாரும் இறங்கிடணும்."

அம்மையப்பனும் கேட்டார், தலையையும் ஆட்டினார். ஆனால் முதல் மாடியில் ஒரு ஹால் பாக்கி இருந்தது. மறுநாள் காலையில் இன்ஸ்பெக்‌ஷன். பகலில் அந்த வெயிலுக்குப் பொட்டு கரைந்துபோகும். கையால் வெயிலை மறைத்துத் தேடினாலும் தெரியாது. பொழுது சாய்ந்தால்தான் பளிச்சென்று விழும். அதுவரை இருந்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டால் நிம்மதி என்று அவருக்குத் தோன்றியது.

"வேணாம் மச்சான்" என்றான் ஜெயசீலன். "சொல்லியிருக்காகல்ல. காலைல வெள்ளனமே வந்து பாத்துக்கலாம்."

"வெயில் தாழ்ந்ததும் ஒரு மணி நேரம் மாப்ளே. யாருக்குத் தெரியப் போகுது?"

நாய்க்குப் பயந்து சுற்றிப் போகிறவர் வாழ்நாளில் காட்டிய ஒரே தைரியம் இதுதான். அதையும் காட்டக்கூடாத இடத்தில் காட்டினார். கேம்ப் பஸ் இவர்கள் இல்லாமலே போய்விட்டது. கீழே வந்து கேட்ட போலீஸ்காரர்களிடம் வாட்ச்மேன் "கல்லாஸ், முடிஞ்சுது, எல்லாரும் போயாச்சு" என்று சொல்லிவிட்டான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆறு மணிக்குக் கால் மணி இருக்கும். ஹாலில் கடைசித் தூணுக்கு மட்டும் மார்க் போட வேண்டும். ஜெயசீலன் கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு, "கன்ன மேலயே வச்சுட்டு வந்துட்டேன் மச்சான், எடுத்தாந்துர்றேன்" என்று மூன்றாவது மாடிக்குப் போனான்.

கன் என்பது கான்கிரீட்டில் ஆணி இறக்குகிற கருவி. உள்ளே குட்டித் தோட்டா ஒன்றைப் போட்டு, கூரையில் அழுத்தி, விசையை இழுத்தால் டப்பென்று வெடித்து ஆணி உள்ளே இறங்கும். கைப்பிடி, விசை, குழாய் எல்லாம் துப்பாக்கி மாதிரியேதான் இருக்கும். சைட்டில் எந்த நாட்டுக்காரனும் அதை கன் என்றுதான் சொல்வான்.

ஜெயசீலன் கட்டையை எடுத்துச் சாத்திவிட்டுப் போனதும் பொட்டுக்குத் தடுப்பு இல்லாமல் போனது. வெளிச்சம் தூணை உரசிக்கொண்டு, கண்ணாடியில்லாத ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. அம்மையப்பன் அதைக் கவனித்தார். கவனித்தும் ஸ்விட்சை அணைக்கவில்லை. முதுகைக் காட்டி நின்று தண்ணீர் குடித்தார்.

பாட்டிலை வைத்துவிட்டுத் திரும்பினால், பக்கத்துத் தூணில் பொட்டு இருந்தது.

காதிலிருந்து பென்சிலை எடுத்தார். பொட்டைக் கண்டால் மார்க் போடுவது ஏழு வருடப் பழக்கம். யோசனை வருவதற்கு முன்னால் கை வந்துவிடும். படுக்கைக் கோடு ஒன்று இழுத்தார். நெட்டுக் கோடு போடுவதற்குள் பொட்டு நகர்ந்தது.

"மிஷின இடிச்சுப்புட்டியா மாப்ளே?" என்று திரும்பாமலே கேட்டார். அவன் மேலே போயிருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மிஷினைப் பார்த்தார். அது நாலடி தள்ளி, ஜன்னலைப் பார்த்தபடி வைத்தது வைத்தபடி நின்றது.

மிஷினின் பொட்டு ஆடாது. ஆணி அடித்தது மாதிரி நிற்கும். இது மேலே போனது, கீழே வந்தது. மறுபடி மேலே, மறுபடி கீழே. மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. கூடவே ஒரு நடுக்கமும் இருந்தது. இதை ஒரு மனிதன் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பது அந்த மூச்சிலிருந்துதான் அம்மையப்பனுக்குப் புரிந்தது. புரிந்துகொண்டிருக்கும்போதே பொட்டு தூணை விட்டு அவருடைய சட்டைக்கு வந்தது.

இரண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில் அது துடித்துக்கொண்டிருப்பதைக் குனிந்து பார்த்தார். சூடோ கனமோ எதுவும் தெரியவில்லை. பிறகு அது மெதுவாக மேலே ஏறியது. காலரைத் தாண்டியது, மோவாய்க்குக் கீழே போனது, அதற்கப்புறம் காணோம். தன் முகத்தில் எங்கே இருக்கிறது என்று தன்னால் பார்க்க முடியாது என்பது அவருக்கு அப்போது உறைத்தது. நெற்றியிலா, கண்ணிலா? கண்ணை மூடிக்கொள்ளலாமா, மூடினால் அதற்கே சுட்டுவிடுவானா? பென்சிலோடு இரண்டு கையையும் மெல்லத் தூக்கினார். யாரும் தூக்கச் சொல்லவில்லை. பயமே தூக்க வைத்தது.

கீழே வண்டிகள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அரபியில் யாரோ கத்தினார்கள். படியில் பூட்ஸ் சத்தம். சீருடையில் மூன்று பேர் ஹாலுக்குள் வந்தார்கள். முன்னால் வந்த ஆபீசர் கையில் பிஸ்டல் இருந்தது. "ஹில்னா மத்!" என்றார். அசையாதே என்றால் அசைய இங்கே யாரிடம் தெம்பு இருக்கிறது? அம்மையப்பனின் கை பழக்க தோஷத்தில் பத்தாக்காவைத் தடவ இறங்கியது. மூவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கை மறுபடி மேலே போனது.

"கன்?" என்றார் ஆபீசர். "வேர் கன்?"

பயத்தில் இருந்த மனிதருக்கு ஒரு கேள்வி விளங்கியது என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. சைட்டில் நூறு பேர் நூறு தடவை கேட்கிற கேள்வி. அவரும் ஒழுங்காகப் பதில் சொன்னார். "கன் ஊப்பர் ஹை, சாப். மேரா சாலா லேக்கே ஆத்தா ஹை." கன் மேலே இருக்கிறது, என் மச்சினன் எடுத்துக்கொண்டு வருகிறான் என்று அர்த்தம்.

மூன்று பேரின் முகமும் மாறியது. ஒருவன் முட்டி போட்டு உட்கார்ந்து, துப்பாக்கியை மாடிப்படிப் பக்கம் திருப்பினான். இன்னொருவன் வயர்லெஸ்ஸில் மாடிப்படி என்று தகவல் கொடுத்தான்.

"தோட்டா?" என்கிற அர்த்தத்தில் ஆபீசர் இந்தியில் ஏதோ கேட்டார்.

"ஹை சாப். பூரா ஏக் டப்பா" என்று சொல்லிவிட்டார் அம்மையப்பன். ஒரு டப்பா நிறைய இருக்கிறது. பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயால் தானே என்ன செய்துவிட்டோம் என்பது தலையில் இடியாக இறங்கியது. "நை சாப், நை! ஓ கன் நை! சீலிங் கன்! ஆணி, ஆணி கன்!" என்று பதறினார். ஆணிக்கு இந்தியில் என்ன? பதினோரு வருடம் பேசிய இந்தியில் அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. ஆபீசர் வாயில் விரலை வைத்து, பேசாதே என்றார்.

மேலே செருப்புச் சத்தம் கேட்டது. ஜெயசீலன் விசில் அடித்துக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தான்.

அம்மையப்பன் முகத்திலிருந்த பொட்டு இறங்கியது. தரையில் ஓடியது. படியில் ஒவ்வொன்றாக ஏறியது. படி திரும்புகிற இடத்தில், ஓர் ஆளின் தலை உயரத்துக்குச் சுவரில் போய் நின்று காத்திருந்தது.

என்ன சொல்லி அவனைத் தடுப்பது? "வராதே" என்றால், "என்ன மச்சான்?" என்று இரண்டு படியாகத் தாண்டி வருவான். "ஓடிரு" என்றால் ஓடுவான், ஓடுகிறவனை விட்டுவிடுவார்களா? "கன்னைக் கீழே போடு" என்றால் இவர்களுக்குப் புரிகிற ஒரே சொல் கன். "எந் தம்பிய நீங்கதான் பாத்துக்கணும்" என்ற கனகாவின் குரல் காதில் கேட்டது. முதலில் அவனுடைய பாதம் தெரிந்தது. பிறகு முழங்கால். பிறகு, கையில் பிடித்திருந்த கன்னின் குழாய். அது நேராக ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பொட்டு நிக்குது!"

அப்படியொரு குரல் தனக்கு இருப்பது அம்மையப்பனுக்கே தெரியாது. காலி ஹாலில் அது நாலு சுவரிலும் முட்டித் திரும்பியது.

ஜெயசீலன் நின்றான். ஒரு கால் படியில், இன்னொரு கால் அந்தரத்தில். விசில் பாதியில் அறுந்தது. ஏன் எதற்கு என்று அவன் எதையும் பார்க்கவில்லை. ரோலா ஜவுளிக்கடை கொடுத்த பழக்கம் அவனை அப்படியே பிடித்து நிறுத்திவிட்டது. பொட்டு அவனுடைய புருவ மத்தியில் இருந்தது. கனகா பொட்டு வைத்துக்கொள்கிற அதே இடம்.

எத்தனை நேரம் என்று யாரும் எண்ணவில்லை. ஆபீசர் ஒரு கையை உயர்த்திக் காட்டியபடி ஒவ்வொரு அடியாக நடந்துபோய், அவன் கையிலிருந்த கன்னை வாங்கினார். ஜெயசீலன் பையிலிருந்த ஆணி டப்பா கீழே விழுந்து உடைந்தது. இரண்டு அங்குல ஆணிகள் படியெல்லாம் கலகலவென்று உருண்டன. ஆபீசர் ஒரு ஆணியை எடுத்துப் பார்த்தார். கன்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, மூன்று கால் ஸ்டாண்டில் நிற்கிற மஞ்சள் பெட்டியைப் பார்த்தார். அதன் எதிரே உள்ளங்கையை நீட்டினார். கையில் பொட்டு விழுந்தது. "யா அல்லா" என்றார் மெதுவாக.

வயர்லெஸ்ஸில் ஏதோ சொன்னார். உடனே ஜெயசீலன் நெற்றியில் இருந்த பொட்டு மறைந்தது. அது மறைந்ததும் அம்மையப்பனுக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது. இருக்கும்போது எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்தது. வெளிச்சம்தானே போயிருக்கிறது, துப்பாக்கி போகவில்லையே? கையை இறக்கலாம் என்று இரண்டு தடவை சொன்ன பிறகும் அவர் இறக்கவில்லை. கடைசியில் ஜெயசீலன் வந்துதான் பிடித்து இறக்கினான். அவன் நெற்றியை அவர் கட்டைவிரலால் அழுந்தத் துடைத்துவிட்டார். அங்கே துடைப்பதற்கு ஒன்றும் இல்லை.

கெஸ்ட் ஹவுஸ் வாசலில் இருந்த காவல் அறையில் இருவரையும் உட்கார வைத்தார்கள். சிவசங்கரன் முகம் வெளிறி ஓடிவந்தார், பேப்பர்களைக் காட்டினார், கும்பிடாத குறையாகப் பேசினார். ஜெயசீலனை மட்டும் உள் அறையில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அடிக்கவில்லை, டீகூடக் கொடுத்தார்கள். அம்மையப்பன் வாய்க்குக் கொண்டுபோன டீயில் பாதி பேண்ட்டில் சிந்தியது.

அப்போது நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு காவலர் வந்து எதிரே உட்கார்ந்தார். தோளில் நீளத் துப்பாக்கி. அதன் குழலுக்குக் கீழே கட்டைவிரல் கனத்தில் ஒரு கறுப்புக் குழாய். பெயர் தாத் கரீம். சோஹார் பக்கத்தில் குடியேறிய பலூச்சி இனத்தவர், இந்தி நன்றாகப் பேசினார்.

"மொட்டைமாடியில நின்னது நான்தான்" என்றார். "உன் பொட்டு எங்க வந்து நின்னுச்சு தெரியுமா?" சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். "குனிஞ்சு பாத்தேன். நெஞ்சுல இருந்துச்சு. சரி, இன்னைக்கு நான் செத்தேன்னு நெனச்சேன். வீட்டுல அஞ்சு பொண்ணு எனக்கு."

அம்மையப்பனுக்கு அந்த நிலையிலும் மட்டக் கணக்கு ஓடியது. முதல் மாடித் தரைக்கு மேலே ஒரு மீட்டரில் மிஷின். எதிர் மொட்டைமாடியில் நிற்கிற ஆளின் நெஞ்சு. இரண்டும் ஒரே மட்டம்தான். மனிதர்கள் நிற்பார்கள் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

"மாஃப் கரோ பாய்" என்றார். மன்னித்துவிடுங்கள் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கண் பொட்டு அனுப்பிய அந்தக் கறுப்புக் குழாயை விட்டு நகரவில்லை. தொழில் புத்தி யாரை விட்டது? "பாய், இது நேரா அடிக்குமா?" என்று கேட்டேவிட்டார்.

தாத் கரீம் முதன்முறையாகச் சிரித்தார். "வெளிச்சம் நேராப் போகும். குண்டு போகாது. தூரம் போகப் போகக் கீழ எறங்கும்."

"நூல் தொய்யிற மாதிரி" என்றார் அம்மையப்பன்.

"ஆமா. ஒரு தூரத்துக்குத்தான் ரெண்டும் ஒண்ணாச் சேரும். அதுக்கு முன்னயும் பின்னயும் பொட்டு ஒரு எடம், குண்டு ஒரு எடம். பகல்ல வெயில்ல முப்பது அடி தாண்டினா பொட்டே தெரியாது. குறி பாக்குறதுக்குப் பழைய மாதிரி கண்ணும் குழல் மேல இருக்குற இரும்புக் குறியும் போதும், இது வேணாம்."

"பின்ன எதுக்கு பாய் மாட்டியிருக்கீங்க?"

"நீ கையத் தூக்குனியே, அதுக்குத்தான். நான் ஒரு வார்த்த பேசல, ஒரு குண்டு செலவு பண்ணல. யார் மேல விழுதோ அவன் நின்னுருவான். ட்ரெய்னிங்ல அதத்தான் சொல்லிக் கொடுத்தாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சொல்லிக் கொடுக்காதது ஒண்ணு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. உன் சாலா கன்னோட எறங்கி வந்தப்ப பாதி விசைய இழுத்துட்டேன். அப்பப் பாத்தா அவன் நெத்தியில பொட்டு கெடந்து துடிக்குது. இந்தக் கை நடுங்குதுன்னு அதப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. பொட்டு இல்லேன்னா தெரிஞ்சிருக்காது. நடுங்குற கைய வச்சு ஒரு மனுசன எப்பிடிச் சுடுறது? அந்த நேரம் பாத்து நீ கத்துன, அவன் நின்னான். வெரல எடுத்துட்டேன்."

பாதி விசை. அம்மையப்பன் ஜெயசீலன் இருந்த உள் அறைக் கதவைப் பார்த்தார்.

"ஆமா, என்ன சொல்லிக் கத்துன?"

"பொட்டு நிக்குதுன்னு, பாய். பொட்டு ஆடாம நிக்குது, அசையாதேன்னு அர்த்தம்."

"நிக்கலையே" என்றார் தாத் கரீம். "ஆடுச்சே."

எட்டு மணிக்கு முன்பாகவே அவர்களை அனுப்பிவிட்டார்கள். மிஷினை மட்டும் இரண்டு நாள் வைத்திருந்து கொடுத்தார்கள், இன்ஸ்பெக்‌ஷனும் தள்ளிப்போனது. வெள்ளிக்கிழமை போனில் கனகா, "தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்டாள். நல்லா இருக்கான் என்றார். விசை பாதி இழுபட்ட விஷயத்தை அவளிடம் மட்டுமில்லை, ஜெயசீலனிடமும் அவர் சொல்லவில்லை. அன்று சாப்பாட்டு நேரத்தில் விவரம் தெரியாத ஒருவன் வழக்கம்போல "பொட்டு நிக்குது" என்று கிண்டல் செய்தான். ஜெயசீலனின் கை பாதி வழியில் நின்றது. பிறகு தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மாலை அதே ஹால். இந்தத் தடவை ஜன்னல்களையெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டியிருந்தார்கள். பக்கத்துத் தூணில் பாதி போட்ட கூட்டல் குறி அப்படியே இருந்தது. படுக்கைக் கோடு மட்டும். அம்மையப்பன் அதைப் பார்க்காமல் கடந்துபோய் ஸ்விட்சைப் போட்டார். கடைசித் தூணில் ஜெயசீலன் கட்டையோடு நின்றான். பொட்டு கட்டையில் சரியான கோட்டில் விழுந்தது.

குரல் கொடுக்க வேண்டும். அம்மையப்பனுக்கு வாய் திறக்கவில்லை.

ஜெயசீலன் காத்திருந்தான். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கியது. "சொல்லு மச்சான்" என்றான், உதடு அசையாமல்.

"அதச் சொல்லாம வேல செய்ய முடியாதாடா?"

"முடியல மச்சான். நீ சொன்னாத்தான் எனக்கு நிக்க வரும். சொல்லு."

"பொட்டு நிக்குது" என்றார் அம்மையப்பன், பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்கிற குரலில்.

நிற்கவில்லை. மிஷின் ஆணி அடித்தது மாதிரி அசையாமல் இருந்தது, கட்டைதான் நடுங்கியது. கட்டை ஏறி இறங்க, பொட்டு கோட்டுக்கு மேலும் கீழும் துடித்தது. ஜெயசீலன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். பிடிக்கப் பிடிக்க இன்னும் ஆடியது.

"நிக்க மாட்டேங்குது மச்சான்" என்றான். "ஆடுது."

அம்மையப்பன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நடந்து போனார். அவன் கைகளுக்கு மேல் தன் கைகளை வைத்துக் கட்டையைப் பிடித்தார். நாலு கை பிடித்தும் அது ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"ஆடட்டும்டா" என்றார். "இன்னைக்கு ஆடட்டும்."

இருவரும் அப்படியே நின்றார்கள். அன்று அந்த ஹாலில் அவர் மார்க் போடவில்லை.